கெட்டி மேளம் வரை

ஐயர் இன்னொரு தேங்காய் கேட்கிறார். மேடையில் இருக்கிற தேங்காய்களை வைத்தே ஒரு கடை போடலாம், ஆனாலும் கேட்கிறார், கேட்டுவிட்டு யாரோ எடுத்துவரும்வரை நிதானமாகத் தர்ப்பையை நீவிக்கொண்டிருக்கிறார், இந்த மனிதருக்கு அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது போலிருக்கிறது, கொடுத்துவைத்தவர், சொன்ன பேச்சுக் கேட்கிற குடல் வாய்த்தவர். என் மடியில் தாலித் தட்டு இருக்கிறது. தட்டில் மஞ்சள் பூசிய தேங்காய், தேங்காயைச் சுற்றித் தாலிக்கயிறு, அதைச் சுற்றி அட்சதை. தட்டுக்குக் கீழே என் வயிறு. வயிற்றுக்குள் இப்போதுதான் யாரோ ஒரு கனமான பெஞ்சைத் தரையோடு இழுத்தார்கள். சத்தம் வெளியே கேட்டிருக்குமா? நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சுருதி விலகினால் அவர்களுக்குத்தான் முதலில் கேட்கும். காற்றாக இருக்கும், வெறும் காற்று, என்று மனம் சொல்கிறது. மற்றவர்களுக்குக் காற்று என்றால் காற்று. எனக்கு அது வேஷம் கட்டிக்கொண்டு வரும். காற்றுதானே என்று நம்பி வழிவிட்டு ஒருமுறை திருச்செந்தூர் பஸ்ஸில், வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது, திருச்செந்தூரை நினைத்தாலே வயிற்றுக்குத் தைரியம் வந்துவிடும். வேறு எதையாவது நினை. கடலை நினை. கடலை நினைக்காதே, அலை வருகிறது. மலையை நினை. மலை என்றால் அருவி. தென்காசிப் பக்கம் பிறந்தவளுக்குத் தண்ணீர் இல்லாத எதையும் நினைக்கத் தெரியவில்லை. பொட்டல். வெயில். ஒற்றைப் பனை. அப்படியே இரு.

ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் பிச்சம்மாள் சித்தி வந்து நிற்கிறாள். நிஜமாகவே நிற்கிறாள், மேடைக்குக் கீழே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் எப்போது எழுந்திருப்பேன் என்று பார்க்கிறாள். தாலியில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு, அடுத்த இரண்டும் அவனோடு பிறந்தவள் போட வேண்டும், குற்றாலிங்கத்தோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் தாலி இழந்தவள் என்பதுதான் சித்திக்குச் சிக்கல். "சங்கரவடிவு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லப்பா, தங்கமான பிள்ள. ஆனா முடிச்சுப் போடுத கைன்னு ஒரு முறை இருக்குல்லா? எம் மக போடட்டும், அவளும் உனக்கு அக்கா முறைதான?" என்று நிச்சயத்தன்று எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றாலிங்கம் காபியை ஆற்றிக்கொண்டே, "சித்தி, சின்ன வயசுல எனக்கு டவுசர் நாடா கட்டிவிட்டது எக்காதான். அவ போட்ட முடிச்சு ஒரு நாளும் அவுந்ததில்ல. ஒம் மக கட்டிவிட்ட அன்னைக்குத்தான் பள்ளிக்கூடத்துல மானம் போச்சு" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சித்தி சிரிக்கவில்லை. இப்போது நான் எழுந்து ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வயிற்றுக் கோளாறு என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். பாத்தியா, அந்த ஆண்டவனே எந்திரிக்க வச்சுட்டான், என்பாள் சித்தி. அவள் மகள் ஏற்கெனவே தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மேடைப் படிக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறாள். ஐம்பத்தேழு வயதில் முதல் கல்யாணம் பண்ணிக்கொள்கிற என் தம்பியின் தாலி ஒரு சகுனத்தோடு தொடங்கும். நான் உட்கார்ந்தேயிருந்து அடக்க முடியாமல் போனால் அதைவிடப் பெரிய சகுனம். அதற்குச் சித்தியிடம் வார்த்தையே இருக்காது. இல்லை, இருக்கும், சித்தியிடம் எல்லாவற்றுக்கும் வார்த்தை உண்டு.

தேங்காய் வந்துவிட்டது. ஐயர் இப்போது மாவிலை கேட்கிறார். நேற்று மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, உள்ளே எதுவும் இருக்க நியாயமில்லை, ஆனால் இந்தக் குடலுக்கு நியாயம் கிடையாது, ஒன்றுமில்லாத போதும் கூப்பிடும், வா வா என்று அவசரமாகக் கூப்பிட்டு, ஓடிப்போய் உட்கார்ந்தால் சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லும், சொல்லிவிட்டு நான் புடவையைச் சரிசெய்து திரும்பி வருவதற்குள் மறுபடி கூப்பிடும். பெருங்குடலில் அழற்சி என்று டாக்டர் பியூலா சொன்னார். அழல் என்றால் நெருப்பு. இத்தனை அழகான சொல்லைக் கொண்டுபோய் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, பயம் அப்புறம்தான் வந்தது. சின்னப் பெண் அந்த டாக்டர், கழுத்தில் சிலுவை, பேச்சில் பாளையங்கோட்டை. கேமரா விட்டுப் பார்த்த படத்தை என்னிடம் காட்டினார், சிவப்பாக, ஈரமாக, அங்கங்கே உதிர்ந்து, மழைக்குப் பிறகு பார்த்த செம்மண் பாதை மாதிரி இருந்தது, என்னுடையதா அது, பார்த்துக்கொண்டேயிருந்தேன். "உடம்புக்குன்னு ஒரு காவல் இருக்கில்லம்மா, கிருமி வந்தா அடிக்கிறதுக்கு. அது உங்க குடலையே திருடன்னு நினைச்சு அடிக்குது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது." நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள், தவளையை மல்லாக்கப் படுக்கவைத்து ஊசி குத்தி அதன் குடலைப் பிரித்து வரைந்து மார்க் வாங்கியவள், அதனால் கேட்டேன், "தவளை சாபமா இருக்குமோ டாக்டர்?" அவர் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாபம் இல்ல, பாவம் இல்ல, நீங்க சாப்பிட்ட எதுவும் இல்ல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." அங்கேதான் அழுதேன். என் வீட்டுக்காரர் போனபோதுகூட அப்படி அழவில்லை. குணமாகுமா என்றேன். அடங்கும் என்றார். மாத்திரையை விடாமல் போட்டால் மாதக்கணக்காக, வருஷக்கணக்காகக்கூட அடங்கியிருக்கும், பிறகு ஒருநாள் கிளம்பும், கிளம்பினால் உடனே வாருங்கள் என்றார். வீட்டோடு ஒரு மிருகத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது. போன வருஷம் முழுக்க அது தூங்கிற்று. குற்றாலிங்கத்துக்குப் பெண் அமைந்த மாதம் எழுந்து சோம்பல் முறித்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இருதயம் என்றால் சொல்லலாம், ஒரு மரியாதை இருக்கிறது, இருதயக்காரர்களை நடு வீட்டில் கட்டில் போட்டுப் பார்க்க வருகிறார்கள். சர்க்கரைக்குக்கூட சபையில் இடமுண்டு. குடலுக்கு யார் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவார்கள்? வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன், அதற்கே சொந்தத்தில் பாதிப்பேர் வைத்தியராகிவிட்டார்கள். மாதுளை ஓட்டை அரைத்து மோரில் குடி என்றார்கள், சுண்டைவற்றல் தின்னச் சொன்னார்கள், சித்தி ஒருமுறை கண்ணேறு கழித்து மிளகாயை அடுப்பில் போட்டாள், அந்த நெடியில் தும்மித் தும்மி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், தும்மல் இந்த நோய்க்கு எதிரி. மாத்திரைகளைப் பெருங்காய டப்பாவில் ஒளித்துவைத்திருக்கிறேன். முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழ முடியாத அசதி, எல்லாம் அதே குடலின் வேலைதான் என்று டாக்டர் சொல்கிறார், வயது என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிவிட்டது, அதைப் பார்த்துவிட்டு இன்று காலையிலிருந்து ஒருத்தர் பாக்கியில்லாமல், "தம்பி கல்யாணம்னதும் மூஞ்சில என்ன களை பாரு!" என்கிறார்கள். அரக்குப் பட்டுக் கட்டியதற்கு வேறு பேச்சு. "இந்த வயசுல, இந்த நிலைமைல, அரக்கு கேக்குதோ?" என்று சித்தி காதுபடச் சொன்னாள். ரத்தம் கசிந்தால் அரக்கில் தெரியாது சித்தி, என்று சொல்ல வாய் வரை வந்தது. மாற்றுப் புடவையும் துணிகளும் வைத்த என் பையை நான் கீழேயே வைக்காததைப் பார்த்து அதில் நகை இருப்பதாக முடிவுகட்டி, "கல்யாண வீட்டுல கண்ட பேரு வாராங்க, குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ பூட்டியும் வைத்துவிட்டாள். இப்போது பையும் இல்லை. பனை மட்டும்தான் இருக்கிறது. ஒற்றைப் பனை, வெயில், பொட்டல்.

பனையை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்க்கிறேன். மீசைக்கு மை தடவியிருக்கிறான், வியர்வையில் ஒரு பக்கம் கரைந்து மேலுதட்டில் இறங்குகிறது. எல்லாக் கஷ்டத்திலும் எனக்குக் கடவுள் வைத்த ஒரே உதவி, இவனுக்கு மூத்திரப்பை பலவீனம். என் வீட்டுக்காரர் போனபோது ஒரு வாரம் துணைக்கு இருக்கிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தவன், அப்படியே என்னோடு தங்கிவிட்டான். சேர்ந்து பஸ்ஸில் போனால் பாதி வழியில் எழுந்து நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, அடக்க முடியல" என்று கண்டக்டரிடம் கும்பிடுவான். பஸ்ஸே சிரிக்கும். ஏதாவது ஓட்டலுக்குள் அவன் நுழைவான், இறங்கியது இறங்கினோம் என்பதுபோல நானும் பின்னாலேயே போய்வருவேன். சரியாக எனக்கு முட்டும் நேரத்துக்கே அவனுக்கும் முட்டும், கூடப்பிறந்த ரத்தம். பாவமாக இருக்கும். வாழைத்தண்டுச் சாறு எடுத்துத் தினமும் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் குடித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மானம் போயிற்று. உலகம்மாளின் அண்ணன் கேசரியைக் கையில் கொடுத்து, "பொண்ண வரச் சொல்லவா?" என்று கேட்கிறார், இவன், "பாத்ரூம் எங்க இருக்கு?" என்கிறான். போனவன் சும்மா வந்தானா, குழாயைத் திருகிப் பார்த்தான், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தான், இன்னொன்று உண்டா என்று கேட்டு மாடிக்கும் போய்ப் பார்த்தான். "மாப்பிள்ளைக்கு சுகர் இருக்குமோ?" என்று அடுக்களையில் குசுகுசுத்தது எனக்கே கேட்டது. பெண் வந்து நின்றபோது இவன் மாடியில் இருந்தான். மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண், தட்டை மேசையில் வைத்துவிட்டு, "வரட்டும், மெதுவா வரட்டும்" என்று என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அந்த உட்கார்ந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மண்டபத்துக்கும் இதே கதைதான், பார்த்த மண்டபத்தையெல்லாம் காற்றோட்டம் இல்லை என்று தள்ளினான், கடைசியில் எடுத்தது இந்த மண்டபம், இதில்தான் காற்றே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் உலகம்மாள் வீட்டில் குடியிருப்பதாக ஏற்பாடு. நீயும் வருகிறாய் எக்கா என்கிறான். புதிதாகக் கல்யாணமானவர்கள் நடுவில் நான் எதற்கு என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம் பெருங்காய டப்பா. தெரியாத ஒரு பெண்ணின் வீட்டில், தெரியாத ஒரு கதவுக்குப் பின்னால், நாளெல்லாம் போய்வந்து, போய்வந்து, அவள் எத்தனை நாள் எண்ணாமல் இருப்பாள்?

இது காற்று இல்லை. தெரிந்துவிட்டது. இடது பக்கம் கீழே திருகி, பிழிந்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, காதுக்குள் ஒரு ரீங்காரம், தவில்காரர் தட்டிப் பார்க்கிற ஒவ்வொரு அடியும் என் தொப்புளில் விழுகிறது. கெட்டி மேளம் எப்போது? ஐயர் கூறைப் புடவைத் தட்டைச் சபைக்கு அனுப்புகிறார், எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டுமாம், எல்லாரும் என்றால் எல்லாரும், பின் வரிசையில் தூங்குகிறவரை எழுப்பித் தொடச் சொல்கிறார்கள். தட்டு திரும்பி வருகிறது. உலகம்மாள் புடவையை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கிறாள், அவளுடைய மதினி அறைக்குக் கூட்டிப்போக வருகிறாள். உலகம்மாள் நகரவில்லை. "சங்கரவடிவு மதினி வந்து கட்டிவிடட்டும்" என்கிறாள். சித்தி மேடையேறிவிட்டாள். "அதெப்படி? அவ மடில தாலித் தட்டு இருக்கு, எந்திரிக்கப்படாது!" குற்றாலிங்கம் கையை நீட்டி என் மடியிலிருந்து தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நான் வச்சிருக்கேன் சித்தி. எந் தாலிதான, எங்கயும் ஓடிர மாட்டேன்." "மாப்பிள்ளையே தாலியப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கத எங்கயாவது கண்டுண்டா!" என்று சித்தி சபையைப் பார்த்து நியாயம் கேட்கிறாள். அதற்குள் உலகம்மாள் என் முழங்கைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். நடக்கிறேன். ஓடக் கூடாது, நடக்கிறேன், ஒற்றைப் பனை என்னோடு நடக்கிறது.

மேடைக்குப் பின்னாலேயே அறை. உள்ளே வந்ததும் அவள் தாழ்ப்பாள் போட்டாள், இன்னொரு கதவைக் காட்டினாள். "போங்க மதினி. குழாயத் திறந்து விட்டுக்குங்க, சத்தம் வெளிய வராது." கொக்கியில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி பூட்டிவைத்தது இங்கே எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை, போனேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, புடவை தப்பித்தது, நானும் தப்பித்தேன், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது எந்த அருவியை வேண்டுமானாலும் நினைக்கலாம். வெளியே கதவு இடிபட்டது. சித்தியின் குரல். "ஏட்டி, என்ன செய்யுதீய உள்ள? நேரம் போவுது!" "மடிப்பு நிக்கல!" என்கிறாள் உலகம்மாள். "இத்தன வயசுல ஒரு புடவை கட்டத் தெரியலியா?" "தெரியலயே சித்தி, என்ன செய்ய?" மறுபடி இடி, இன்னும் நாலைந்து குரல்கள். உலகம்மாள் ஆபீஸ் குரலை எடுத்தாள். "பாத்துட்டிருக்கோம், பாத்துட்டிருக்கோம், இப்ப சரியாயிரும்." கரண்டு போன ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், அதற்கு மேல் யாராலும் கேள்வி கேட்க முடியாத பதில், வெளியே குரல்கள் ஓய்ந்தன. நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் கூறைப் புடவையை எப்போதோ கட்டி முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. "உனக்கு யாரு சொன்னா?" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது. "யாரு சொல்லணும்? உங்க தம்பிதான். பெருங்காய டப்பாவுல பெருங்காயம் தவிர எல்லாம் இருக்கும்னாரு. அன்னைக்கு அவரு எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கவா வந்தாரு? பாத்ரூம் பாக்கத்தான மதினி வந்தாரு! சீரு என்ன வேணும்னு எங்கண்ணன் கேட்டதுக்கு, எக்கா ரூம்போட ஒட்டி ஒரு பாத்ரூம் இருந்தாப் போதும்னுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அப்புறந்தான் விவரம் சொன்னாரு." நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "அவனுக்கு மூத்திரப்பை..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்தாள். "அவருக்கு ஒண்ணும் இல்ல மதினி. நல்லா இருக்காரு. வாழத்தண்டுச் சாறு குடிச்சே நாக்கு செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லுதாரு." பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன, எனக்குள், வரிசையாக, சங்கரன்கோவில் பஸ், ராஜபாளையம் பஸ், எல்லாவற்றிலிருந்தும் எல்லாரும் சிரித்தார்கள், எல்லாவற்றிலிருந்தும் அவன் கும்பிட்டுக்கொண்டே இறங்கினான். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன். "எக்காவா சொல்லுத வரைக்கும் நான் கேக்க மாட்டேன்னாரு" என்றாள், எழுந்து என் தலைப்பைச் சரிசெய்தாள், புடவை கட்டிவிட வந்தவள் நான், கட்டிவிடுகிறவள் அவள். "வாங்க. உங்க ரூம்ல புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கு. வந்து பாத்துட்டு அப்புறமா வர மாட்டேன்னு சொல்லுங்க."

மேடைக்குத் திரும்பினோம். சித்தி சபைக்கே கேட்கும்படி, "நல்லவேள, சங்கரவடிவு போனா. இல்லன்னா பொண்ணு இன்னைக்குப் புடவையே கட்டியிருக்காது" என்கிறாள். குற்றாலிங்கம் தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பரீட்சை எழுதக் காத்திருக்கிறவன் மாதிரி. என்னைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, "இனிமே வாழைத்தண்டு கிடையாதுல" என்றேன் மெதுவாக. அவன் மீசை ஒரு பக்கம் அசைந்தது. "அப்பாடா" என்றான். ஐயருக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது, முகூர்த்தம் போகிறது என்று விரலை ஆட்டுகிறார், கெட்டி மேளம், கெட்டி மேளம், தவில்கள் இடிக்கின்றன, அட்சதை மழையாக விழுகிறது, என் தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை என்னிடம் விடுகிறான். நான் உலகம்மாளின் பின்னங்கழுத்துக்குக் குனிகிறேன். இரண்டாவது முடிச்சு. விரல் மூட்டுகள் வலிக்கின்றன, வலிக்கட்டும். மூன்றாவதைச் சுற்றும்போது உள்ளே மறுபடி ஒரு அசைவு. நிதானித்துக் கேட்கிறேன். காற்று. வேஷம் இல்லாத வெறும் காற்று என்று தோன்றுகிறது. நம்பலாமா? எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இன்று ஒருமுறை நம்பலாம். மேளத்துக்கு நடுவில் அதை வெளியே விட்டுவிட்டு மூன்றாவது முடிச்சை இறுக்குகிறேன். யாருக்கும் கேட்கவில்லை. காற்றேதான். உலகம்மாளின் தோள் மட்டும் குலுங்கத் தொடங்குகிறது, முகத்தை மார்போடு புதைத்துக்கொள்கிறாள், மாலையெல்லாம் குலுங்குகிறது. "அழுவுதா பாரு, பாவம்" என்கிறாள் சித்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அழட்டும் என்று நான் முடிச்சை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.